கன்னியம்மாள் அடைந்த அமைதி

ஆரணியில் குறை உள்ளவர்கள் மனு கொடுப்பதும், கொடுத்தவர்களே திரும்பவும் வந்து கொடுப்பதும் நெடுங்காலமாக நடந்துவரும் நல்ல பழக்கம். அதை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

கன்னியம்மாளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து அவள் வீட்டுத் தறிக்குழியில் வந்து தேங்கியது. அவள் புருஷன் பரசுராமன் குழிக்குள் காலை விட்டு, முழங்கால் வரை சாக்கடையில் ஊறியபடி கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தான். மிதிகட்டையை மிதிக்கிறேன் என்று அவன் சில நேரம் தவளையை மிதித்தான். அவனுக்கு வாய் கிடையாது. அந்த வீட்டுக்கு உண்டான வாய் மொத்தமும் கன்னியம்மாளிடம் இருந்தது. இன்னொரு மழை பெய்தால் தண்ணீர் ஏறி, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தொட்டுவிடும். பாவு நனைந்தால் புடவை கெட்டது. அப்புறம் வீட்டில் அடுப்பு எரியாது.

கால்வாய்ப் பராமரிப்பு அலுவலகத்துக்கு அவள் போன நேரம், அங்கே ஒரு சீர்திருத்தம் வந்து இறங்கியிருந்தது. மனு கொடுக்க வருபவர்கள் கத்துவதால் ஊழியர்களின் தூக்கம் கெடுகிறது என்பதை மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து, 'அக அமைதிச் சித்திரத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்திருந்தது. மனுதாரர் முதலில் உருவமே இல்லாத ஓர் ஓவியம் தீட்ட வேண்டும். அதன் வழியே தியானம் கைகூடி உள்ளம் அடங்க வேண்டும். பிறகுதான் மனுவை நீட்டலாம். அடங்கியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அலுவலர் வேணுகோபால் ஏலகிரியில் வார இறுதிப் பயிற்சி எடுத்து, ஒரு ருத்திராட்சமும் ஒரு ஜோல்னாப் பையும் வாங்கி வந்திருந்தார்.

மனசில் இருப்பதை அப்படியே தாளில் விடச் சொன்னார். கன்னியம்மாள் விட்டாள். தாள் கிழிந்து மேஜையிலும் கருப்பு ஏறியது. வேணுகோபால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்து, இதில் கோபம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

"சாக்கடையில கால விட்டுகினு நெய்யறோம் சார். சிரிச்சிகினா வருவாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்தாள். தூரிகையை மெல்ல ஓட்டினாள். ஆனால் ஆரணிக் கை சும்மா இருக்குமா? அவளை அறியாமலே இரண்டு பக்கமும் கோபுரக் கரை வந்தது. ஒரு முனையில் முந்தானையும் வந்துவிட்டது. வேணுகோபால் முகம் சுருங்கியது.

"கரை இன்னாத்துக்கும்மா? கரைன்றது பற்று. எல்லையே இருக்கக் கூடாது."

"கரையில்லாத பொடவைய எவ சார் கட்டுவா?"

"இது பொடவை இல்லம்மா. பரம்பொருள்."

"பரம்பொருளா இருந்தா மட்டும் ஓரம் பிரியாதா?"

அன்றும் மனு வாங்கப்படவில்லை. மூன்றாம் முறை போனபோது, மின்விசிறிக் காற்றில் அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. ராத்திரியெல்லாம் குழியிலிருந்து தண்ணீர் இறைத்த அலுப்பு. தூரிகை தன் பாட்டுக்கு நீலத்தில் அலைந்தது. விழித்துப் பார்த்தால் எதிரே வேணுகோபால் கைகூப்பி நின்றார். அமைதி அடைந்துவிட்டீர்கள் என்றார். அவள் வாயெல்லாம் பல்லாக மனுவை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"அமைதி அடஞ்சவங்களுக்குக் குறை ஏதும்மா? குறை இருந்தா அமைதி இல்ல. அமைதி இல்லன்னா மனு வாங்கக் கூடாது."

கன்னியம்மாள் இதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. அதனால்தான் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவள் போட்ட சத்தத்தில் கோப்பு அலமாரி மேல் குடியிருந்த புறாக்கள் பறந்துபோயின. அவள் அடைந்த அமைதி அந்த நிமிடமே ரத்து செய்யப்பட்டது.

அன்றிரவு மழை பெய்தது. விடியும்போது பாவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். கன்னியம்மாள் குழித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, அதை வேணுகோபால் தலையில் ஊற்றுவது என்ற தெளிவான முடிவோடு கிளம்பினாள்.

அங்கே மாவட்ட உயர் அதிகாரி சுகன்யா ஆய்வுக்கு வந்திருந்தார். வேணுகோபாலுக்கு வியர்த்துக் கொட்டியது. காட்டுவதற்குத் தியானம் செய்யும் மனுதாரர் ஒருவர் வேண்டும். வண்ணம் கரைக்கக் குழாயிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. கன்னியம்மாளைக் கண்டதும் பிடித்து உட்கார வைத்து, அவள் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் கிண்ணத்தில் கவிழ்த்து, ஜல்தியாக ஆரம்பிக்கச் சொன்னார். வண்ணம் தேவைப்படவில்லை. சாம்பலும் பச்சையும் கொஞ்சம் சாயப்பட்டறை ஊதாவுமாக, சாக்கடைக்கே சொந்தமான ஒரு நிறம் அதில் இருந்தது. அவள் வேண்டுமென்றே கரையும் முந்தானையும் வைத்துப் போட்டாள்.

சுகன்யா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பயம் பாதி, நாற்றம் பாதி.

"பாத்தாலே மனசு அடங்குது. மண்வாசனை கூட வருது," என்றார் சுகன்யா. பிறகு குனிந்து, பெண்ணுக்குப் பெண் கேட்கும் குரலில், "இதே கலர்ல பொடவை கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். இந்த அம்மாவின் மனுவை உடனே வாங்கும்படி போகிறபோக்கில் உத்தரவும் போட்டார்.

பரசுராமனுக்கு நெசவு கொடுக்கும் முதலாளி அன்பரசு காதில் விஷயம் விழுந்தது. 'தியானப் பட்டு' பிறந்தது. எந்தச் சாயத்தைக் கலந்தாலும் அந்த நிறம் வரவில்லை. தறியில் ஏற்றுமுன் நூலை அந்தத் தெருச் சாக்கடையில் ஊறவைத்துக் காயவிட்டால்தான் வந்தது. சென்னையில் இதைக் கட்டாதவர்களுக்கு உள்ளமைதி இல்லை என்று பேச்சாகிவிட்டது. நாற்றம் வந்தால் அசல், வராவிட்டால் போலி என்று கடைக்காரர்கள் முகர்ந்து காட்டி விற்றார்கள். தெருவிலுள்ள தறியெல்லாம் அதே புடவையை நெய்தன. பாவு நனையாமலிருக்க அன்பரசு செங்கல் வைத்துத் தறிகளை உயர்த்திக் கொடுத்தார். பரசுராமன் கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் சாக்கடை அள்ளும் லாரி வந்து நின்றது. தெரு கொதித்து எழுந்தது. கன்னியம்மாள் லாரிக்கு முன்னால் போய் நின்று, யாரைக் கேட்டு எங்கள் சாக்கடையில் கை வைக்கிறீர்கள் என்றாள்.

"நீதாம்மா மனு குடுத்துகிற," என்றார் ஓட்டுநர்.

அதை நிறுத்த இன்னொரு மனு தேவைப்பட்டது. தெருவே திரண்டு அலுவலகம் போனது. இந்த முறை யாரும் கத்தவில்லை. வரிசையாக உட்கார்ந்து, தூரிகையைத் தொட்டதும் அத்தனை பேரும் அமைதி அடைந்தார்கள். அமைதி அடைந்தவர்களுக்குக் குறை ஏது என்ற கேள்வியை வேணுகோபால் கேட்கவில்லை. அவர் மனைவிக்கும் ஒரு புடவை சொல்லி வைத்திருந்தது.

வரிசையின் கடைசியில் பரசுராமன் நின்றான். அவன் மனு வேறாக இருந்தது. சாக்கடையை அள்ளச் சொல்லி எழுதியிருந்தான். ஓவியம் தீட்ட உட்கார்ந்தவன், தாளில் ஒரு கோடு போட்டால் காலை இரண்டு தரம் சொறிந்தான்.

"மனசு ஒரு நெலையில இல்லியே," என்றார் வேணுகோபால்.

"கால் அரிக்குது சார்," என்றான் பரசுராமன். அவன் வாய் திறந்து பேசியதை அன்றுதான் பலர் கேட்டார்கள்.

"இதுலயே கோபம் தெரியுது பாருங்க," என்றார் வேணுகோபால். தெருவே தலையாட்டியது. கன்னியம்மாளும் பார்த்தாள், அவளுக்கும் தெரிந்தது. தூரிகையை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழியில் காலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாள். மனசு தானாக அடங்கிவிடும் என்றாள்.