உலக அரசாங்கமும் என் கலியாணச் சேட்டும்

எந்த அரசாங்கத்தையும் ஏற்றுக்கொள்ளாமல் எல்லா அரசாங்கங்களின் காற்சட்டைக்கும் பொத்தான் தைத்துக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் உலகத்தண்ணன். மட்டக்களப்புப் பட்டினத்தில், நான் எழுதுவினைஞனாகக் காலம் தள்ளிய கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய மனைவியே யோசித்துத்தான் சொல்லவேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே அரசாங்கம் வரவேண்டும், தனித்தனி நாடு என்பதெல்லாம் வீண் செலவு என்று கடை திறக்கும்போது தொடங்குவார். கடை பூட்டும்போது மிச்சத்தை நாளைக்கு வைத்துவிட்டுப் போவார்.

அது யுத்த காலம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆமியின் கையில். மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில். இந்தப் பக்கம் ஒரு பொலிஸ், அந்தப் பக்கம் வேறொரு பொலிஸ். சட்டமும் அப்படித்தான். ஒரு வாவிக்கே இரண்டு அரசாங்கம் இருந்த ஊரில் நின்றுகொண்டு, மொத்த உலகத்துக்கும் ஒன்று போதும் என்றார் மனிதர்.

சுதந்திர தினத்துக்குக் கொடி தைக்கவேண்டும் என்று ஒரு பாடசாலை அதிபர் துணியோடு வந்தார். உலகத்தண்ணன் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் இரண்டு பிள்ளைகளுக்குக் கவுண் வெட்டலாம், கொடிக்கு வீணாக்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் மற்றப் பக்கத்துக்காரர் ஒருவர் இரகசியமாக வேறு நிறத் துணியோடு வந்தார். அவருக்கும் அதே கவுண் கணக்குத்தான். இரண்டு பகுதியாரும் அவருக்கு விசர், முழுப் பைத்தியம் என்று முடிவு கட்டி விட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் விசர் என்ற பெயர் பாஸ்போட்டை விடப் பெறுமதியானது. அதை வாங்க நானும் முயன்றேன். என் முகத்தில் பயம் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

அவருடைய கொள்கை தையலிலும் இறங்கியிருந்தது. ஒரே உலகம் என்றால் ஒரே அளவு. அளவு நாடாவால் அளப்பார், தலையாட்டுவார், பிறகு மேற்சட்டை, அதாவது சேட்டு, யாருக்கென்றாலும் ‘உலக அளவு’ என்ற ஒன்றையே வெட்டுவார். எங்கள் கந்தோர் முகாமையாளர் அந்தச் சேட்டுக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதே சேட்டைப் போட்டுக்கொண்டு நான் வட்டைப் பக்கம் போனால், வயலில் இருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன.

ஆனால் அவருடைய கத்தரிக்கோலை ஒருவர் தொட்டுவிடவேண்டுமே! கடைக்குள் வந்தவர்கள் உட்காருகிற பலகை வாங்குக்கு இந்தப் பக்கம் உலகம், அந்தப் பக்கம் அவருடைய இராச்சியம். தாண்டினால் யுத்தம். ஒரு நாள் கேட்டேன், உலகத்துக்கு எல்லை வேண்டாம், கடைக்கு மட்டும் எதற்கு என்று. கத்தரிக்கோல் வேறு, நாடு வேறு என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

நான் எதிர்க்கட்சி. வாசிகசாலையில் அரசியல் புத்தகம் ஒன்றைப் பாதி வாசித்திருந்தேன். அந்தப் பாதிக்குள் ‘இறைமை’ என்ற சொல் பலமுறை வந்திருந்ததால், மதியச் சோற்றுக்குப் பிறகு கடை வாசலில் நின்று இறைமை, இறைமை என்று முழங்குவேன். தன் மண்ணில் தானே ராசாவாக இல்லாதவன் மனிதனா என்று கேட்பேன். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றி தெரிவதற்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். செருப்பைக் கழற்றும்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் ஆமிக்காரர் ஒருவரும் இல்லாத வெறும் சென்றிக்கு முன்னால் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டு வந்தவன் நான். இந்த வீரக் கதை எப்படியோ உலகத்தண்ணனின் காதுக்குப் போய், இறைமை பேசும் வாய்க்கு ஒரு கிழமை ஓய்வு கொடுக்க நேர்ந்தது.

அவர் சென்றியில் நடந்துகொள்வது வேறு விதம். எந்த ஊர் என்று கேட்டால் ‘உலகம்’ என்பார். எந்த நாடு என்றாலும் ‘உலகம்’தான். அடையாள அட்டையை நீட்டுவார், அதில் எழுதியிருப்பதைத் தன் வாயால் மட்டும் சொல்லமாட்டார். அவர்கள் கடுப்பாகி மணலில் இருத்திவிடுவார்கள். அவர் சட்டைப்பையில் இருந்து ஊசியும் நூலும் எடுத்து, பக்கத்தில் நிற்கிறவனின் கிழிந்த பொக்கற்றைத் தைக்கத் தொடங்குவார். பொழுது சாய்கிறபோது போகச் சொல்வார்கள். அக்கரையிலும் இதே கதைதான். அவரோடு ஒன்றாகப் பிரயாணம் போக ஊரில் ஒரு மனிதரும் இல்லை.

இப்படி இருக்கும்போது எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் தங்கேஸ்வரி, படுவான்கரை. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் இருக்கவேண்டும். உலகத்தண்ணன் கேள்விப்பட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

“அப்ப ராசா, ஒங்கட மண் மாமியார்ட வளவா? இறைமைய எந்த மூலையில வைக்கப் போறீங்க மனே?” என்றார்.

அந்தக் கோபத்தில், கலியாணச் சேட்டு என் உடம்பு அளவுக்கே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே விடுதலைப் போராட்டம் அதுதான். வென்றும் விட்டேன். ஆனால் அவர் உலக அளவில் வெட்டியதைப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டி வந்ததால், கலியாணக் காலையில் சேட்டுக்குக் கழுத்துப்பட்டி இல்லை. வழியில் தைத்துத் தருகிறேன் என்று அவரும் எங்களோடு புறப்பட்டுவிட்டார்.

இனி நேரத்தின் கதையைச் சொல்லவேண்டும். அரசாங்கம் அப்போது நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது. இயக்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே படுவான்கரையில் பழைய நேரம், எங்களிடம் புது நேரம், வாவியைக் கடந்தால் அரை மணித்தியாலம் வித்தியாசம். முகூர்த்தம் பார்த்தது பெண் வீட்டார். மாமனார், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கரைச்சல் வேண்டாம் என்று, தன் கணக்கில் அரை மணித்தியாலத்தைக் கூட்டி எங்கள் நேரத்திலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார். என் அப்பாவோ, அவர்கள் பழைய நேரத்தில்தான் சொல்லியிருப்பார்கள், நாமே கூட்டிக்கொள்வதுதான் மரியாதை என்று அதன்மேல் இன்னும் அரை மணித்தியாலத்தைக் கூட்டினார். இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து என் முகூர்த்தத்தைத் தின்றுவிட்டது.

துறையடியில் எங்களைக் கூட்டிப்போக வந்து நின்ற மச்சினன்தான் விசயத்தைச் சொன்னான். அவனுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது.

“எல்லாரும் பந்தலுக்குள்ள இரிக்காங்க அத்தான். இந்தப் பாதையில ஏறினாத்தான் சரி. விட்டா முகூர்த்தம் போயிரும்.”

பாதை என்பது வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. அது கரையில் புறப்படத் தயாராக நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஆமிச் சென்றி. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. தவறினால் ஆடி, ஆடியில் கலியாணம் இல்லை. ஆவணிவரை துறை திறந்திருக்கும் என்று கடவுளாலும் சொல்ல முடியாது. இப்படித் தள்ளிப்போட்ட ஒரு கலியாணம், துறை பூட்டப்பட்டதோடு நின்றே போயிருந்தது. பெண்ணை நான் ஒருமுறைதான் பார்த்திருந்தேன், ஆனால் அவளை விட்டால் எனக்கு வேறு ஒருத்தியும் இல்லை என்று அந்த வெயிலில் நின்றபோது நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் உலகத்தண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு கூட்டமாகப் பதிந்து போகிறவர்களில் ஒருவரை மறித்தால் எல்லோரையும் மறிப்பார்கள். அவரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், என் சேட்டு அவருடைய மடியில், கழுத்துப்பட்டி பாதியில் தொங்குகிறது. அப்பா கையெடுத்துக் கும்பிடப் போனார். உலகத்தண்ணன் நூலை அளந்துகொண்டிருந்தார். வாயில் ஊசி இருந்தது.

என் முறை வந்தது. வழக்கம்போல் கேட்காமலே கைகளை உயர்த்தினேன், தலைப்பாகை விழுந்தது. அடுத்தது அவர். ஆமிக்காரன் அவரை முன்பே அறிந்தவன்போல, சிரித்துக்கொண்டே எந்த நாடு என்று கேட்டான். அவர் ஊசியை எடுத்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“சிறிலங்கா, சேர்.”

குரல் அவருடையதாகவே இல்லை. ஆமிக்காரனுக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது.

பாதையில் ஏறியும் அவர் தலை நிமிரவில்லை. குனிந்து தைத்துக்கொண்டே வந்தார். அக்கரையில் இறங்கியதும் தோளில் துவக்கோடு நின்ற இயக்கப் பெடியன் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டான். அங்கே எதைச் சொல்லவேண்டுமோ, அதை மறுபேச்சில்லாமல் சொன்னார். ஓடினோம். பந்தலுக்கு வெளியே, வேலி ஓரத்தில் வைத்து, கடைசித் தையலைப் பல்லால் கடித்து அறுத்து எனக்குச் சேட்டை மாட்டிவிட்டார். முகூர்த்தம் முடிகிற கடைசிக் கணத்தில் தாலி ஏறியது.

பந்தியில் அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். இலையில் சோறு அப்படியே கிடந்தது.

“ஏன் உலகத்தண்ண, ரெண்டு கரையிலயும் விட்டுக்குடுத்திட்டீங்களே?” என்று கேட்டேன்.

“பேசாமத் தின்னு மனே. உலகம் காத்திரிக்கும். முகூர்த்தம் காத்திரிக்காது” என்றார்.

மத்தியானம் தனியாகவே புறப்பட்டுப் போனார். மறுநாள் மச்சினன் செய்தி கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது இந்தக் கரையில் கேட்டதற்கும் ‘உலகம்’ என்றாராம், அந்தக் கரையில் கேட்டதற்கும் ‘உலகம்’ என்றாராம். இரண்டு இடத்திலும் மணலில் இருத்திவைத்து, இருட்டுகிறபோதுதான் வீட்டுக்கு விட்டார்களாம்.

தன் வாழ்நாளில் அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருந்ததில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும், எனக்காக, இரண்டு நாட்டுக்காரராக இருந்தார்.