பேராசிரியரின் இரண்டாம் நாள்

"டாக்ஸி வந்து அரை மணி நேரமாச்சு சார்" என்றார் ஆதிமூலம்.

"இன்றும் எங்களுக்குத் திருநாள், ஐயா. வாகனம் ஏறலாகாது" என்றார் பேராசிரியர் ஆரோன்.

கரியாலூரில் நான்கே அறைகள் கொண்ட அந்த விடுதிக்கு ஆதிமூலம்தான் மேனேஜர். ஆரோன் அமெரிக்க யூதர். புதுச்சேரியில் பன்னிரண்டு வருஷம் தமிழ் ஆராய்ச்சி செய்து, தமிழர் யாரும் பேசாத தமிழைப் பேசக் கற்றிருந்தார். ஷாவுவோத் பண்டிகையை மலைக்காற்றில் கொண்டாட மனைவி மிரியமுடன் வந்திருந்தார்.

பண்டிகை இரண்டு நாள் என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஆதிமூலம் விவரமானவர், போனில் தேடிப் பார்த்தார். இஸ்ரேலில் ஒரே நாள் என்றது. பாவம், சொந்தப் பண்டிகையே தெரியாத பேராசிரியர் என்று இரக்கப்பட்டு, யாரையும் கேட்காமல் அறைப் பதிவை ஒரு நாளாகத் திருத்திவிட்டார். மிஞ்சிய செவ்வாய்க்கிழமைக்கு அந்தப் பெரிய அறையைச் சென்னையிலிருந்து வரும் சுற்றுலா வாரியத் தலைவருக்கு ஒதுக்கினார். விடுதியைப் பெரிதாக்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். "ரூம் ரெடியா இல்லன்னா நீ அப்படியே வூட்டுக்குப் போயிடலாம்" என்று முதலாளி ஜெயப்பிரகாஷ் கள்ளக்குறிச்சியிலிருந்து அன்போடு சொல்லியிருந்தார்.

"ஒங்க ஆளுங்க நாட்லயே ஒரு நாள்தான் சார்!" ஆதிமூலம் போனை நீட்டினார்.

"இஸ்ரேலில் ஒன்று. வெளியே வாழ்வோருக்கு இரண்டு. அக்காலத்தில் பிறை கண்டவர்கள் எருசலேமில் சாட்சி சொன்ன பிறகே மாதம் பிறக்கும். அந்தச் செய்தியை மலைதோறும் தீ மூட்டி அறிவித்தார்கள். வேண்டாதவர்கள் பொய்த்தீ மூட்டிக் குழப்பவே, ஆளனுப்பத் தொடங்கினார்கள்."

"அங்கியும் நம்மாளுங்கதானா!" என்றாள் டீ கொண்டுவந்த சமையற்காரி சின்னப்பொண்ணு.

"தொலைவில் இருந்தவர்களுக்கு ஆள் வந்து சேரவில்லை. மாதம் பிறந்தது இந்த நாளா, அடுத்த நாளா? தெரியாது. ஆகவே இரண்டு நாளும் கொண்டாடினார்கள்."

"இப்பதான் காலண்டர் இருக்கு, போன் இருக்கு. இன்னும் இன்னா சார் சந்தேகம்?" என்றார் ஆதிமூலம்.

"ஐயமே இல்லை. கணக்கு வகுத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும் முன்னோர் வழக்கத்தை விடலாகாது."

டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்த ஆதிமூலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சேதி வராத காலத்துல செஞ்சத, சேதி வந்தப்புறமும் செஞ்சிக்கினு இருக்காங்க. படிச்சவங்களாம்!"

"சிரிச்சிக்கினு இரு. தலைவரு வந்தா எங்க படுப்பாரு, ஒன் மடியிலயா?" என்றாள் சின்னப்பொண்ணு.

சிரிப்பு நின்றது. மற்ற மூன்று அறைகளிலும் ஆள் இருந்தார்கள். காற்றாடி நின்றால் தானாக வெளியே வருவார்கள் என்று கணக்குப் போட்டு மெயின் சுவிட்சை இறக்கினார்.

வெளியே வந்த ஆரோன் கைகூப்பினார். "திருநாளில் விளக்கை அணைக்க எங்களுக்கு அனுமதியில்லை. அணைக்கச் சொல்லியும் கேட்கலாகாது. இரண்டு இரவாகக் கண் கூசிற்று. இனி நிம்மதியாக உறங்குவோம்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆதிமூலம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினார். தண்ணீர் மோட்டார் ஒருமுறை உறுமி, கருகிய வாசனையோடு அடங்கியது.

இரண்டாம் அறையில் குடும்பத்தோடு தங்கியிருந்த தியாகதுருகத்துக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு வந்தார். "தண்ணி எங்கய்யா?"

அந்த நுரையிலும் ஆதிமூலத்துக்கு ஒரு வழி தெரிந்தது. "நாளைக்கு வரிக்கும் வராதுங்க. நீங்க இப்பவே கெளம்பிட்டா நல்லது. அந்த ரூமுக்குப் பேராசிரியர மாத்திடுவேன்."

அவர் கிளம்பினார். கிளம்புமுன் மற்ற இரண்டு அறைக் கதவுகளையும் தட்டி விவரம் சொன்னார். மதியத்துக்குள் மூன்று குடும்பமும் மலை இறங்கிவிட்டது. அவர் மகள் ஷாலினி, அப்பாவின் நுரைத் தலையைப் படமெடுத்து விடுதிப் பெயரோடு நெட்டில் போட்டுவிட்டாள்.

முதலாளி கூப்பிட்டார். "இன்னாடா அது நுரை?"

"தலைவரு வரட்டுங்க, எல்லாம் சரியாயிடும்."

அறை மாற்றக் கேட்டதும் ஆரோன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். "நடப்பதற்குத் தடையில்லையே! காலையிலேயே கேட்டிருக்கலாம்."

ஆதிமூலமும் சின்னப்பொண்ணும் ஓடையிலிருந்து பதினெட்டுக் குடம் தண்ணீர் சுமந்தார்கள். பெரிய அறையில் புது விரிப்பு, பழத்தட்டு, ரோஜா மாலை. நாலு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டதும் ஆதிமூலம் மாலையோடு ஓடினார்.

டிரைவர் மட்டும் இறங்கினார்.

"தலைவர் எங்கங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஐயா வரது இன்னிக்கா நாளைக்கான்னு எங்களுக்கே இன்னும் சேதி வரலீங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு நாளும் ரூம காலியா வெச்சிருக்கச் சொன்னாங்க. எப்பவும் அதாங்க எங்க ஆபீஸ் வழக்கம்."