ஓரத்துச் சிப்பாயைத் தொட்டுவிட்டேன்

அன்புள்ள பூரணி சித்திக்கு,

சுலக்ஷனா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்ல சுகம், என்னைத் தவிர. கொழும்பில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாயிருக்க மாரியம்மாவை வேண்டுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவுக்கு போன் எடுத்து, உங்களுக்குக் கடும் காய்ச்சல், துணைக்கு சுலக்ஷனாவை அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை ஹட்டனில் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். நான் போகக் கூடாது.

நடந்தது இதுதான். போன ஆட்டத்தில் எனக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளித்தான் ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்குச் செஸ் பழக்கும் பரமலிங்கம் சேர் ஆறு மாதமாகப் பழக்கியது அந்த ஒரு தொடக்கம்தான். கடிகாரத்தை ஓடவிட்டார்கள். பரீட்சைத் தாளைக் கும்பிடுவது மாதிரி, கைக்கு எட்டிய ஓரத்துச் சிப்பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதிரே இருந்த வலப்பனைப் பள்ளிக்கூடத்து மதுரா, "தொட்டுட்டீங்க, அதத்தான் நகர்த்தணும்" என்றாள். நடுவரும் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் அதையே தள்ளினேன். மதுரா மனப்பாடம் செய்து வந்தது முழுக்க ராஜா சிப்பாய்க்குப் பதில்கள் போல. இதில் என்ன சூழ்ச்சி என்று இருபது நிமிடம் யோசித்தாள், பிறகு அவசரத்தில் ராணியைக் கொடுத்துவிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன் சித்தி, அங்கேதான் பிடித்தது சனி.

வெளியே நின்ற சேர் ஆட்டத்தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உந்தத் தொடக்கத்தை நீர் எங்க படிச்சனீர்?" என்றார். அவர் என்னை மரியாதையாக 'நீர்' என்று கூப்பிட்டதே அன்றைக்குத்தான். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரால் 'கொத்மலைத் தொடக்கம்' என்று பெயரும் வைத்துவிட்டார். அப்பா அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொல்ல, தோட்டத்துக் கண்டாக்கையா எல்லோருக்கும் லீவு கொடுக்க, இப்போது எங்கள் லயமே இரண்டு வேனில் வருகிறது. சனிக்கிழமையும் எனக்கு வெள்ளைக் காய்தான். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினால் தோற்பேன். தள்ளாவிட்டால் சேர் ஏன் என்று கேட்பார், நான் ஏமாற்றியது வெளியே வந்துவிடும். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
பயந்து கிடக்கும் மகள்,
சுலக்ஷனா

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். டோர்ச் வெளிச்சத்தில் அம்மா எழும்பிவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஒன்னோட வெளையாண்ட அந்தப் புள்ள தொட்டுக் கும்புட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அதான் தோத்துருச்சு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். சேரிடம் காலையில் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை, கடிகாரம் ஓடும் முன்பே என் காய்கள் பதினாறையும் தொட்டுக் கும்பிட்டுவிடுவேன்.