பதினான்கு வளைவும் வடிவாம்பாளின் வாந்திக் காப்பும்

ஒரு காட்டில் பஸ் விட்டார்கள். காடு மலை உச்சியில், சந்தை அடிவாரத்தில், நடுவில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஓட்டியவர் சங்கிலி என்ற காட்டெருமை. வளைவில் பிரேக் பிடிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. ஹாரன் மட்டும் அடிப்பார். நாலாவது வளைவில் முயல் கேரி பேக்கைத் தேடும். ஆறாவதில் குரங்கு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்து அழுத்தும். எட்டாவதில் எதுவும் பலிக்காமல், முயலும் குரங்கும் ஜன்னலோரம் யார் இருக்கிறார்களோ அவர்கள் மடியில் ஏறி வெளியே தலை நீட்டும். பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள் மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் குடை பிடித்துத்தான் வருவார்கள்.

அந்தப் பஸ்ஸில் வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய்வருவாள் வடிவாம்பாள் என்ற முள்ளம்பன்றி. ஒரு நாள் குமட்டல் தாங்காமல் சீட்டிலேயே சுருண்டு படுத்தாள். சுருண்டதில் அவள் முள்ளே அவள் மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புக்கு நடுவே போய் அழுந்தியது. அழுந்தினதுதான் தெரியும். மிச்ச வளைவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கி நேராகப் போய் நாலு இட்லி சாப்பிட்டாள்.

அன்றைக்கே முள்ளின் முனையை மழுக்கி, கற்றாழை நாரில் கோத்து, கையில் கட்டுகிற மாதிரி ஒரு பட்டை செய்தாள். வாந்திக் காப்பு என்று பேர் வைத்தாள். முயலுக்குக் கட்டினாள், நின்றது. குரங்குக்குக் கட்டினாள், நின்றது. விலை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறவனிடம் நின்று எப்படிப் பேரம் பேசுவது?

வீட்டில் உதிர்ந்து கிடந்த முள்ளெல்லாம் ஒரே மாதத்தில் தீர்ந்தது. பிறகு சொந்த முதுகிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். உறவுக்காரர்கள் வீட்டில் உதிர்ந்த முள் கூடை கூடையாகக் கிடக்கிறது. அந்தக் காட்டில் தேன்தான் காசு. கேட்டால், "தேனைக் கொண்டா, முள்ளை எடுத்துக்கோ. சொந்தங்கிறது வேற, முள்ளுங்கிறது வேற" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் முதுகில் மிச்சம் பதினொரு முள். சிறுத்தை தினமும் புதர் ஓரமாக வந்து, "என்ன வடிவு, சௌக்கியமா? இன்னும் எத்தனை பாக்கி?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனது.

இனி தேன் வைத்திருக்கிற பெரிய இடத்தைப் பிடித்தால்தான் உயிர் தங்கும் என்று கிளம்பினாள்.

அந்தக் காட்டில் புதுத் தொழிலுக்கு முதல் போடுகிறவர்கள் மூன்று பேர். தேன் முழுக்கக் கரடியார் கையில். யோசனை சொல்ல மயில். மூன்றாவது மலைப்பாம்பு, அவர் எதையும் பங்காகக் கேட்க மாட்டார், முழுசாகத்தான் கேட்பார். ஆலமரத்தடியில் டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வடிவாம்பாளுக்கு முன்னால் நின்ற ஓணான், பல்லிகளுக்கு வால் வளரும் தைலம் கொண்டுவந்திருந்தது. வால் எப்படியும் வளரும், அதனால் தைலம் பொய்க்காது. அதற்கு உடனே மூன்று கூடு தேன் கிடைத்தது.

"அடுத்து யாரும்மா? பவர்பாயின்ட் இருக்கா?" என்றார் கரடியார்.

"பவரெல்லாம் எனக்கேதுங்க. பாயின்ட் மட்டும் முதுகுல பதினொண்ணு இருக்கு" என்றாள் வடிவாம்பாள், காப்பை நீட்டி.

மயில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதுல பச்சை, நீலம் எல்லாம் வராதா? கொஞ்சம் மினுமினுப்பா?"

"மினுமினுப்புக்கு வாந்தி நிக்காதுங்கண்ணே."

"எனக்கு எதுல கட்டுவ?" என்று கேட்டார் மலைப்பாம்பு. "கை எங்க இருக்கு எனக்கு?"

வடிவாம்பாள் அவரைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தாள். பார்த்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "உங்களுக்கு ரெண்டாவது மாடல்ல பாப்போம் ஐயா" என்றாள்.

கரடியார் தாடையைச் சொறிந்தார். "வாய்ப்பேச்சு வேணாம். நாளைக்கு நாங்க மூணு பேரும் பஸ்ல வர்றோம். மயிலு கட்டிக்கட்டும், நான் கட்டாம வர்றேன். எனக்கு வந்து, மயிலுக்கு வரலேன்னா தேன் உனக்கு."

வடிவாம்பாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே டிரைவரிடம் ஓடினாள். "சங்கிலி அண்ணே, நாளைக்குப் பெரிய மனுசங்க பஸ்ல வர்றாங்க. என் உயிரே அதுலதான் இருக்கு. பாத்து, மரியாதையா நடந்துக்குங்க."

நம் ஆட்களுக்கு வாய்க்கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், பெரிய மனுசன் வருகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார்கள். சங்கிலி விடியுமுன்னே பஸ்ஸைக் கழுவினார். முன்கண்ணாடிக்குக் கதம்ப மாலை போட்டார். சீட்டில் துண்டு விரித்தார். பிறகு ஓட்டினார் பாருங்கள், பிள்ளைத்தாய்ச்சியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற மாதிரி! ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நிறுத்தி, "திருப்பட்டுங்களா ஐயா?" என்று கேட்டுத் திருப்பினார். ஏழாவது வளைவில் கரடியார் தூங்கியே போனார்.

அடிவாரத்தில் இறங்கிச் சோம்பல் முறித்தார். "எனக்கும் வரல, மயிலுக்கும் வரல. இல்லாத நோவுக்கு எதுக்கும்மா மருந்து?"

வடிவாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி டிரைவரைப் பிடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே அண்ணே! வருசமெல்லாம் குடலைப் புரட்டுற மாதிரி ஓட்டிட்டு, இன்னைக்கா உங்களுக்கு ஓட்டத் தெரியணும்?"

சங்கிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, முப்பது வருசத்துல ஒரு நாள் ஒழுங்கா ஓட்டினேன். அதுக்கு இந்தப் பேச்சா?" மாலையைப் பிடுங்கி எறிந்தார். துண்டை உருவினார். "ஏறுங்க எல்லாரும்!"

மலை ஏறும்போது அவர் ஓட்டியது ஓட்டமே இல்லை, கோபம். மூன்றாவது வளைவில் கரடியார் வாயைப் பொத்தினார். ஐந்தாவதில் பொத்திய கை போதவில்லை. மலைப்பாம்பு சீட்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டு எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முந்தாநாள் விழுங்கிய காட்டுக்கோழி முழுசாக வெளியே வந்து, "இது எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டு இறங்கிப் போனது. மயில் மட்டும் காலில் காப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

"அம்மா வடிவு, கட்டு, கட்டித்தொலை!" என்று கரடியார் கையை நீட்டினார். ஒன்பதாவது வளைவில் கட்டினாள். பத்தாவதில் அவர் வேர்வையைத் துடைத்தார். பன்னிரண்டாவதில் பொரி கேட்டார்.

உச்சியில் இறங்கியதும் மூன்று பேரும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். கரடியார் திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"நாப்பது கூடு தேன் போடுறோம்."

வடிவாம்பாள் கண்ணில் நீரோடு கைகூப்பினாள்.

"சங்கிலிக்கு" என்றார் கரடியார்.

"எனக்கா?" டிரைவர் திகைத்துப்போனார். "நான் என்ன செஞ்சேன்?"

"வர்றப்ப செஞ்சீரே, அதையே செய்யும்."

"ஐயா, என் காப்புதானே உங்களுக்கு வேலை செஞ்சுது?" என்றாள் வடிவாம்பாள்.

"செஞ்சுதும்மா, யாரு இல்லேன்னா? ஆனா காலையிலயும் அது உன் மடியிலதான் இருந்துச்சு. நான் கேட்டேனா? இந்த மகராசன் ஓட்டினப்பதான் கேட்டேன். இவரைக் கையில வச்சிருக்கிறவன் கையிலதான் உன் கடையே இருக்கு. பஸ்ஸை நாங்க வாங்கிக்கிட்டோம். நீ படிக்கட்டுப் பக்கத்துல உக்காந்து வித்துக்கோ. பாதி எங்களுக்கு."

அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் படிக்கட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தேன் கொட்டியது. உறவுக்காரர்கள் முள்ளைக் கூடையோடு கொண்டுவந்து, "என்ன வடிவு, சொந்தத்தை மறந்துட்டியே" என்று கோபித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் அவள் முதுகு முன்பைவிட அடர்த்தியாக நிறைந்தது. சிறுத்தை இப்போது டிக்கெட் எடுத்து, காப்பு கட்டி, வாயைத் திறக்காமல் பயணம் செய்கிறது.

எல்லாம் நன்றாக இருந்தபோது ஒரு வாரம் விற்பனை கொஞ்சம் படுத்தது. வடிவாம்பாள் ஒரு தார் வாழைப்பழத்தோடு சங்கிலியைப் பார்க்கப் போனாள்.

"அண்ணே, ஒன்பதாவது வளைவுல பதமா திருப்புறீங்களாமே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. அங்க ரோட்டோரம் ஒரு காடை குஞ்சு பொரிச்சிருக்கு. பாவமா இருக்குன்னு..."

"காடைக்கு நான் வேற இடம் பாத்துக் குடுத்துடறேன்" என்றாள் வடிவாம்பாள், பழத்தை உரித்து அவர் வாயில் வைத்து. "நீங்க உங்க தொழிலைப் பாருங்க."

நீதி: மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, டிரைவரும் மோசமாக இருக்க வேண்டும்.