பல்பொடியைத் தோற்கடித்த கண்ணாடி

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுகிற கார்களில் பாதிக்குக் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிறதென்றால் அதற்குப் பல்பொடிதான் காரணம். மீதிப் பாதிக்குத் தெரியவில்லையென்றால் அதற்கும் பல்பொடிதான் காரணம்.

பல்பொடி என்று ஊரே கூப்பிடுகிற ஆள் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். திராட்சை கமிஷன் மண்டியில் வேலை. பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் கொரியர்காரருக்குக்கூட யாராலும் வீடு காட்ட முடியாது. கார்க் கண்ணாடியில் மெல்லிசாகக் கோடு விழுந்தால், பல்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தே எடுத்துவிடுவார் என்பதால் பல்பொடி என்ற பெயர். பிற்பாடு மதுரையிலிருந்து கண்ணாடிக்கென்றே விற்கிற பவுடரை வாங்கிவந்து தேய்க்கிற அளவுக்கு முன்னேறினார். பெயர் மட்டும் முன்னேறவில்லை.

காசு வாங்க மாட்டார். கேட்காமலே செய்வார், அதுதான் தொந்தரவு. எந்த வண்டி நின்றாலும் பக்கத்தில் போய்க் கண்ணாடியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் மாட்டினால் கோடு ஆழம், அதை மனுசனால் எடுக்க முடியாது என்று விட்டுவிடுவார். மாட்டவில்லையென்றால் வண்டிக்காரர் தப்பிக்க முடியாது. ஒருமுறை தேனியில் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது என் வண்டியிலிருந்து இறங்கிப்போய், பக்கத்துக் காரில் போர்வெல் தண்ணீர்க் கறையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்த அம்மாள் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார். “ஏத்துங்கம்மா, இன்னும் முடியல” என்றார் இவர். அந்த அம்மாளும் ஏற்றிவிட்டார், பாவம்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை காரின் பின்கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் பசை இருப்பது இவர் கண்ணில் பட்டுவிட்டது. ஊர்வலம் கிளம்ப நேரமாகிவிட்டது என்று எல்லோரும் தேடுகிறார்கள், இவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பசை போய்விட்டது. மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. பொண்ணு தும்மிக்கொண்டே புகுந்த வீட்டுக்குப் போனது.

எஸ்டேட் ஜீப் கதைதான் ஊரில் பிரசித்தம். கம்பத்திலிருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் அது. எத்தனை பேர் உள்ளே என்று ஏறினவர்களுக்கே தெரியாது. பெண்கள் தலை சாய்த்துத் தூங்கித் தூங்கி, கண்ணாடியெல்லாம் எண்ணெய்ப் படலம். டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பல்பொடி அத்தனையையும் துடைத்துப் பளிங்காக்கிவிட்டார். அன்றைக்குச் செக்போஸ்ட்டில் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே தலைகளை எண்ணிவிட்டார். அந்த டிரைவர் அன்றோடு இவர் நிற்கிற டீக்கடையில் டீ குடிப்பதை விட்டுவிட்டார்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்த காலம் அது. தினமும் கம்பத்திலிருந்து தேனிக்கு ஓட்டி, ஆபீசில் உட்கார்ந்து, திரும்ப ஓட்டி வருவதிலேயே நாள் தீர்ந்துவிடும். மலை சாயம் போன துணி மாதிரித் தெரியும். சாப்பாட்டு இலைகூடப் பச்சையாகத் தெரியாது. வயசானால் உலகம் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் எதிரே வருகிற வண்டிகளின் வெளிச்சம் மட்டும் பூப்பூவாக விரிந்து கண்ணைக் குத்தியது. வலது கதவுக் கண்ணாடி வழியாக வெளியே இருக்கிற மிரரைப் பார்த்தால் பின்னால் வருவது லாரியா ஆட்டோவா என்று தெரியாது. “இந்தக் கதவுக் கண்ணாடியில் ஏதோ படலம்ப்பா” என்று பல்பொடியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

திராட்சைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்துகிறீர்கள், துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற மருந்து காற்றில் வந்து படிந்திருக்கிறது என்றார். எலுமிச்சம்பழம் கேட்டார். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டில் ஊறுகாயே போடவில்லை, பழமெல்லாம் கண்ணாடிக்குப் போய்விட்டது. ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் மங்கல்தான் என்றேன். பல்பொடி போட்டார், மங்கல்தான் என்றேன். மதுரைப் பவுடர் போட்டு, பழைய வேட்டியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன், மங்கல்தான்.

மனுசன் ஒடிந்துபோனார். இதுவரை நகம் மாட்டாத எந்தக் கண்ணாடியும் அவரை ஜெயித்ததில்லை. பல்பொடியை ஒரு கண்ணாடி படுக்கப் போட்டுவிட்டது என்று டீக்கடையில் பேச்சாகிவிட்டது. ஜீப் டிரைவர் அதைக் கேட்பதற்காகவே ஒருநாள் அங்கே வந்து டீ குடித்தாராம். பல்பொடி மண்டிக்கு லேட்டாகப் போக ஆரம்பித்தார். மற்ற கார்களைத் தொடுவதை விட்டுவிட்டார். தொட அருகதை இல்லை என்று சொன்னாராம்.

அவர் வீட்டம்மா என்னைத் தேடி வந்தது.

“அண்ணே, அந்த வண்டிய வித்துருங்கண்ணே. இவுக தூக்கத்துல செவுத்தத் தேய்க்கிறாக.”

எனக்கும் அலுத்துவிட்டது. ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிடலாம் என்று, மறுநாள் காலையில் அவர் துணியோடு வந்ததும், படலம் சுத்தமாகப் போய்விட்டது என்றேன். அவர் நம்பவில்லை. டிரைவர் சீட்டில் என்னை உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். வீட்டுக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து எடுத்துவந்து வெளியே பிடித்தார். என் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. விழித்தேன்.

அவர் முகம் செத்துப்போனது. கண்ணாடியில் மறுபடி நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு அதை இறக்கச் சொன்னார். இறக்கினேன். தாளை அதே இடத்தில் பிடித்து, இப்போது படியுங்கள் என்றார்.

அப்போதும் எறும்புதான்.

பல்பொடி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே,” என்றார் மெதுவாக, “நடுவுல கண்ணாடியே இல்லண்ணே.”

அச்சு சரியில்லை என்று எதையோ உளறினேன். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அவரே ஓட்டி, தேனியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை, வலதில் நன்றாக முற்றியிருக்கிறது என்றார். நான் பயத்தில் உட்கார்ந்திருக்க, இவர் வராந்தாவுக்குப் போய் டீக்கடைக்குப் போன் போட்டார். “கண்ணாடில ஒண்ணுமில்லையாம்ப்பா, டாக்டரே சொல்லிட்டாரு” என்று அவர் சொன்னது அந்த வார்டுக்கே கேட்டது.

திரும்பி வந்து, படலத்தை எடுக்க எந்தப் பவுடர் போடுவீர்கள் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் பொறுமையான மனிதர். தேய்ப்பதில்லை, பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைப்போம் என்றார். பல்பொடிக்கு அந்தத் தொழில் மீதிருந்த மரியாதையே போய்விட்டது. “தேய்க்காம மாத்திர்றாகளாம்” என்று என் காதில் வருத்தப்பட்டார். ஆபரேஷன் முடிகிறவரை வெளியே நின்று, ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னாள்.

கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து ஒரு காலையில் வாசலுக்கு வந்தேன். மலை நீலமாக இருந்தது. எதிர்வீட்டு வாழை பச்சையாக இருந்தது. இத்தனை நாள் மனசு சலித்துப்போனதென்று நினைத்ததில் பாதி கண்தான் என்று தெரிந்தபோது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பல்பொடி காருக்குப் பக்கத்தில் துணியோடு நின்றிருந்தார். வலது கதவுக் கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடி பூராவும் மெல்லிசு மெல்லிசாகக் கோடு. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம், நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி. இல்லாத படலத்தை எடுக்க அவர் தேய்த்த தேய்ப்பு அத்தனையும் அங்கே இருந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவருக்கும் வயசாகிறது.

“இப்ப எப்படிண்ணே இருக்கு?” என்றார். துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஒரு கோடு இல்லப்பா. கண்ணாடி இருக்கிறதே தெரியல.”

சந்தேகமாகத்தான் பார்த்தார். நகத்தை ஓட்டிப் பார்த்தார். மாட்டவில்லை. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெகுநாளைக்கப்புறம் நேரத்தோடு மண்டிக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் அந்த வட்டமெல்லாம் மின்னுகிறது. வேறு கண்ணாடி மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். இருக்கட்டும், கொஞ்சம் மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்.