பெண் பார்க்கப் போன இடத்தில் கேசட் சொருகியவர்

உலகத்தில் பழுது என்று ஒன்று கிடையவே கிடையாது, தூசி மட்டும்தான் உண்டு என்று முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் ஊதாங்குழல் அண்ணன். கப்பலூரில் ரப்பர் சாமான் செய்யும் எங்கள் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர். உசிலம்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயதுக்கு மேலாகியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். கால்குலேட்டர் நின்றால் ஊதுவார். ஃபேக்ஸ் மெஷின் மக்கர் செய்தால் மண்டியிட்டு ஊதுவார். ஒருநாள் மேனேஜர் தனக்கு ஒரு காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவைக்க, அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு வீடியோ கேம். தொண்ணூறுகளில் சொந்தக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கையில் வைத்து ஆடுவது என்று பெயர், கனம் செங்கல் கனம். அதன் முதுகில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட்டைச் சொருக வேண்டும். ஓடவில்லையென்றால் கழற்றி, அடிப்பக்கம் ஊதி, மறுபடி சொருக வேண்டும். கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டு எனக்கு. திரையில் மேலிருந்து விழும் கட்டை எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் அவரும் சாய்வார், என்மேல். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் சிரிப்பார்கள். நான் ஜன்னல் வழியாகத் திருமங்கலம் ரோட்டில் இல்லாத எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அந்த மெஷின் ஒருநாள் ஒரேயடியாகச் செத்துப்போனது. ஊதியும் பலனில்லை. ஆனால் கேசட்டுகள் அவர் சட்டைப் பையிலேயே இருந்தன. புதிதாக வந்திருக்கும் சின்ன மெஷினில் பழைய கேசட்டும் ஓடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து டவுன்ஹால் ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்று விடாமல் ஏறி, பையிலிருந்து கேசட்டை எடுத்து ஊதிக் காட்டி, சொருகிப் பார்க்கலாமா என்று கேட்பார். ஒரு கடையிலும் அந்த மெஷின் இல்லை. உள்ளே அவரை விரட்டும் சத்தம் கேட்கும்போது, நான் பக்கத்துக் கடையில் எனக்குத் தேவைப்படாத பனியனுக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பேன்.

இந்த நிலையில்தான் எனக்குக் கோச்சடையில் பெண் பார்த்தார்கள். கார் ஏற்பாடு செய்து தந்தவர் அண்ணன் என்பதால் அவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வழியெல்லாம் கெஞ்சினேன். எதையும் தொடக்கூடாது, எதையும் ஊதக்கூடாது. "நான் என்ன சின்னப்பிள்ளையா மாப்ள," என்று வருத்தப்பட்டார்.

பெண் வீட்டு ஹாலில் என் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேசரி வந்தது. பேச்சு சற்று ஓய்ந்த அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், "ஃபூ" என்று ஒரு சத்தம்.

திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. டி.வி. ஸ்டாண்டில் இருந்திருக்கிறது அந்தப் புது மெஷின். பெண்ணுக்கு அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. நம்மவர் யாரையும் கேட்காமல் கேசட்டைச் சொருகிவிட்டார். உடைந்துவிடாமல் இருக்க அவர் அதைச் சுற்றி ஒட்டியிருந்த செல்லோடேப் உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. திரை வெறுமனே வெளிச்சம் காட்டியது. பிடித்து இழுத்தார், வரவில்லை. காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். அப்படி இழுக்கும்போதுதான் பெண்ணின் அப்பா எழுந்தார்.

கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பிள்ளை ஆசையா அனுப்புனது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மெஷினைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். என் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்பா மறுபடி மழைக்குப் போகப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலுக்குக் கீழே தரை பிளந்து விழுங்கினால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்போது பெண் காபியோடு வந்தாள். தட்டை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, செல்லோடேப்பை நெம்பி, கேசட்டைக் கழற்றினாள். ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்தாள். மேஜையிலிருந்த பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து அடியிலிருந்த செப்புத் தகடுகளை நிதானமாகத் தேய்த்தாள். மறுபடி சொருகி ஓர் அமுக்கு அமுக்கினாள். மெஷின் பாடியது.

பட்டுச்சேலையோடு அவள் நேராக வாசலுக்குப் போனாள். அவளுடைய அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னால் போனேன்.

"சார், ஓடுது," என்று கார் ஜன்னலில் மெஷினை நீட்டினாள். "உள்ள ஒரு சின்ன பட்டன் இருக்கு. பழைய கேசட்ட அடி வரைக்கும் அமுக்குனாத்தான் அது அமுங்கும். அப்பத்தான் இது பழசுன்னு மெஷினுக்குத் தெரியும்."

அண்ணன் நிமிரவே இல்லை. "மன்னிச்சிரு தாயி. பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சு. என்னைய வச்சு இவன எடை போட்றாத."

"இனிமே ஊதாதீங்க சார். வாய் ஈரம் பட்டுத்தான் தகடெல்லாம் பச்சை பிடிச்சிருக்கு."

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "அப்ப இத்தன வருசமா ஊதி நான் சரி பண்ணுனது?"

"கெடுத்திருக்கீங்க."

"அம்புட்டையுமா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முதன்முறையாக என் பக்கம் திரும்பி, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை பஸ்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம், ஒரே கம்பெனி, அவ்வளவுதான் என்பதே என் பதில். காது சுட்டது. "எங்க அண்ணன்," என்றேன்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் சம்மதம் என்று தகவல் வந்தது.

கல்யாணத்தன்று அண்ணன் மேடைப் பக்கமே வரவில்லை. பந்தி நடக்கும் இடத்தில் தண்ணீர் டம்ளர்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். மாமனார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அத்தனை கூச்சம். கடைசியில் மாமனாரே போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் நடுவில் நிறுத்தினார். அண்ணன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டுவிட, போட்டோவில் அவருடைய உச்சந்தலை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

எங்கள் ஆல்பம் முழுவதிலும் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு படத்தில்தான்.