தண்ணீர் பீச்சாத கார்

காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என் காரின் முன்கண்ணாடியில் உலகம் மறைந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்த நாட்களில் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்க்கிற ஆளாக இருந்தேன். (பார்த்து என்ன செய்வது என்று தெரியாது. சும்மா பார்ப்பேன்.)

சித்தாண்டியைத் தாண்டிக் கிரானுக்குப் போகிற வீதி. போர் முடிந்து, எல்லா வீதிகளையும் ஒரே நேரத்தில் கிண்டிப் போட்டிருந்த காலம். முதல்நாள் மழை வேறு. கிரவல் ஏற்றிய டிப்பர் ஒன்று எதிரே வந்து, பள்ளத்தில் விழுந்து எழும்பி, அங்கே கிடந்த சேற்றை அப்படியே அள்ளி என் கண்ணாடியில் வீசிவிட்டுப் போனது. நான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலுள்ள தடியை இழுத்தேன். தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை. வைப்பர் மட்டும் ஆடியது. ஆடி, சேற்றை இரண்டு விசிறி வடிவில் மிக அழகாகப் பூசி முடித்தது. ஒன்றும் தெரியாமல் ஓரங்கட்டி, வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். அதை நிறுத்தியது நானா காரா என்று இன்றைக்கும் சந்தேகம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. நாற்பத்தெட்டு வயதில் பழகினேன். கார் என் கணவருடையது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அது மட்டக்களப்பில் ஒரு கராஜில் நின்றது. அதனால் அவர் சைக்கிளில் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனார். இரண்டு கிழமை கழித்து கராஜ்காரர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் ஹோர்ன் அடிக்கத் தயங்கி, இறங்கி வந்து படலையைத் தட்டினார். அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் கார் தேற்றாத்தீவில் எங்கள் வளவுக்குள் மேற்கே பார்த்தபடி நின்றது. கிழக்கே கடல் அல்லவா, ஓட வேண்டி வந்தால் காரைத் திருப்புகிற நேரத்தையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். (அப்போது எனக்கு ஓட்டவே தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.)

மகள் துஷாந்திக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. மாத்தறைப் பக்கம். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு முழு நாள்.

"நான் போகல்ல. உங்கள ஆரு பாக்கிற?" என்றாள்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"சின்னப்பிள்ள எண்டாப் பரவாயில்ல. பூட்டின கதவப் பூட்டியாச்சா எண்டு நாலு தரம் எழும்பிப் பாக்காது."

பேச்சு முற்றி அவள் கிரானில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இரண்டு பேருக்குச் சமைத்து ஒருவராகச் சாப்பிட்டேன். நாலாம் நாள் ஃபோனில் ஒரு பந்தயம் வந்தது.

"ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராம, தனியக் காரில கிரானுக்கு வந்து காட்டுங்க. நான் போர்மில சைன் வைக்கிறன். வழியில நிண்டு ஃபோன் பண்ணிக் கூப்பிட்டா அதுவும் தோல்விதான். சரியா?"

"இதென்ன பெரிய வேலை," என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன்.

படிவம் அனுப்ப இரண்டே நாள் இருந்தது. பந்தயத்தில் வென்றால் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவாள். தோற்றால் என்னோடேயே இருந்துவிடுவாள். இப்படி ஒரு பந்தயத்துக்கு எந்தத் தாயாவது ஒத்துக்கொள்வாளா? நான் ஒத்துக்கொண்டேன். நான் புவியியல் ஆசிரியை. திசை தெரியாமல் போவது எங்களுக்குப் புதிதல்ல.

பொனட்டைத் திறந்தேன். உள்ளே பார்த்தால், யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. தண்ணீர்த் தாங்கி எதுவென்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம். பாதித் தண்ணீர்தான் இருந்தது. குடிப்பதற்குக் கொண்டுவந்த போத்தல் முழுவதையும் அதற்குள் ஊற்றினேன். தடியை இழுத்தேன். வைப்பர் ஆடியது. பிறகு துவாரம் அடைபட்டிருக்கும் என்று சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் குத்தினேன். ஊசி பாதி உள்ளேயும் பாதி கையிலுமாக முறிந்தது. முந்தானை தோளில் நிற்க மறுத்துவிட்டது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். ஊதியது போதாதென்று உறிஞ்சியும் பார்த்தேன். (அந்தத் தாங்கிக்குள் யாரோ எப்போதோ சவர்க்காரத் தூள் போட்டிருக்கிறார்கள். மாலைவரை எது சாப்பிட்டாலும் உடுப்புத் தோய்த்த ருசி.)

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் பிடவை மூட்டை. ஓட்டமாவடி வியாபாரி, தொப்பி போட்ட ஒரு காக்கா. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"என்னக்கா, கார் நிண்டிட்டா?"

"கார் ஓடும். தண்ணிதான் பீச்சுதில்ல."

"எங்க பீச்ச?"

"கண்ணாடிக்கு."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். "அக்கா, வாய்க்காலுக்குள்ள தண்ணி போகுதே."

"அது தெரியும். ஆனா இது வேல செய்யவேணும்."

"மறுகா என்ன, ஃபியூஸப் பாருங்க," என்றார், நோயாளியின் பிடிவாதம் தெரிந்த டாக்டர் மாதிரி. போகப் புறப்பட்டவரிடம், கிரான் சந்தியில் யாருக்கும் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். "நான் ஏன் சொல்றன்," என்றார். அவர் சொன்ன தொனியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஃபியூஸ் ஒன்றைக் கழற்றி இன்னொன்றின் இடத்தில் போட்டேன். ஹோர்ன் செத்தது. பழையபடி மாற்றியும் அது உயிர்க்கவில்லை.

ஒரு கை வாய்க்கால் தண்ணீரும் ஒரு துணியும் போதும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. துடைத்தால் கண்ணாடி தெரியும். தெரிந்தால் ஓட்ட வேண்டும். ஓட்டினால் கிரான் வந்துவிடும். அதை அன்று நான் இவ்வளவு ஒழுங்காக நினைக்கவில்லை. குனிந்து குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக, தாங்கியின் அடியில் கையை விட்டுத் தடவினேன். வயர் ஒன்று கைக்கு வந்தது. இழுக்காமலே வந்தது. வெட்டியிருந்தது. வெட்டிய முனையில் கறுப்பு டேப் சுற்றி, சுற்றின டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து விட்டிருந்தது, பிறகு கழற்ற லேசாக இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டில் டேப்பை அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான் இருந்தார்.

துஷாந்திக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் காரின் பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் இந்தத் தாங்கியைக் காட்டினான். பிளாஸ்டிக் கலன், உள்ளே திரவம், அதற்குள் போகிற வயர். குண்டு என்று நினைக்க வேறென்ன வேண்டும்? "மே மொக்கத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். என் கணவருக்குச் சிங்களம் அரைகுறை. சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று நினைத்து காருக்குள் கைநீட்டித் தடியை இழுத்துவிட்டார். குனிந்து நின்ற பையனின் முகத்தில் தண்ணீர் பீச்சியது. எத்தனை துவக்குகள் அவரை நோக்கித் திரும்பின என்று நான் எண்ணவில்லை. அவரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்து, "பொடியனுக்கு நல்ல குளிப்பு," என்று சிரித்தார். வீடு வரும்வரை சிரித்தார். நான் வீடு வரும்வரை அழுதேன். குடும்பத்தில் சிரிக்கிற வேலை அவருக்கு, பயப்படுகிற வேலை எனக்கு என்று அன்றோடு நிரந்தர நியமனம் ஆகிவிட்டது.

அந்த மனிதர்தான் வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் தெரியாமல் வயரை வெட்டியிருக்கிறார்.

நான் வாய்க்கால் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவரோடு கோபம் வந்தது. பயமாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பயந்திருக்கலாமே. இதைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. வயலில் ஒரு கொக்கு நின்றது. அதற்குச் சொன்னேன். அது கேட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றது.

(அந்த வயர் இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. கராஜில் ஒவ்வொரு முறையும் "இத இணைச்சு விடட்டா டீச்சர்?" என்பார்கள். தொட வேண்டாம் என்பேன். என்னைப் பற்றி அங்கே என்ன கதை உலவுகிறது என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றாலும் மின்விசிறி நின்றாலும், "முதல்ல அப்பா வெட்டினாரா எண்டு பாருங்க," என்கிறாள் மகள்.)

பதினொரு மணிக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. துஷாந்தி.

"நான் ஃபோன் பண்ணல்ல," என்றேன் முதலில்.

"தெரியும். சந்தியில ஒரு காக்கா, காரோட சண்டை பிடிச்சிக்கிட்டு ஒரு அக்கா நிக்கிறா எண்டு கடை கடையாச் சொல்லிக்கொண்டு போறார். வேற ஆரு?"

நான் வயரைத் தூக்கிக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஓம், அப்பா வெட்டினது. நீங்க படுத்திருந்த நேரம். உங்கட தையல் பெட்டிக் கத்தரிக்கோல எடுத்துக் குடுத்ததே நாந்தான். அம்மாட்டச் சொல்லாதீங்க மகள், பயந்திருவா எண்டார். சொல்லிப்போட்டு அவர்தான் டேப்ப ரெண்டு தரம் கீழ போட்டார்."

அவள் வாய்க்காலில் இறங்கி, போத்தலில் தண்ணீர் மொண்டு கண்ணாடியில் வீசினாள். தாவணியால் துடைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பொனட்டை மூடி, என் நாடியிலிருந்த கிறீஸைத் துடைத்துவிட்டாள். நான் காரில் ஏறி, எட்டி மற்றப் பக்கக் கதவைத் திறந்து, "ஏறுங்க மகள்," என்றேன்.

அவள் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய்ச் சைக்கிளில் ஏறினாள்.

"கிரானுக்கு இன்னும் ஒரு கட்டைத் தூரம் கிடக்கு," என்றாள். "நான் காரில ஏறினா நீங்க தனிய வந்ததாகாது. நீங்க முன்னால போங்கம்மா. நான் பின்னால வாறன்."